இறக்கியது யார்? ஒரு சொல்லின் கரையோர வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமொன்றுக்காக ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். பன்னிரண்டு பக்கம்தான். ஆனால் 'டிகிரேட்' என்ற சொல் வராத பக்கமே அதில் இல்லை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் டிகிரேட் ஆகிவிட்டன, கரையோரக் காடு டிகிரேட் ஆகிவிட்டது, உள்நாட்டு நிலமும் அப்படியே. கடைசிப் பக்கத்தில், சோதனை என்ற பெயரில் அந்தப் பெண்கள் நடத்தப்படும் விதம் 'டிகிரேடிங்' என்றிருந்தது. நானும் சோம்பலில் எல்லா இடத்திலும் 'தரம் குறைந்த', 'தரம் தாழ்ந்த' என்று போட்டு ஒப்பேற்றிவிட்டேன்.

கூட்டத்தில் வாசித்தபோது ஒரு மூதாட்டி நிறுத்தினார். "பாறை தரங்கொறஞ்சு போச்சுங்கிறிய, சரி. மொதல்ல அதுக்குத் தரம் போட்டது யாரு தம்பி? மீனா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி உறைத்தது. தரம் குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்பே யாரோ தரம் பிரித்திருக்க வேண்டும். படி இருந்தால்தான் படியிறக்கம். ஆங்கிலச் சொல்லே அதைத்தான் சொல்கிறது. லத்தீனில் 'கிராதுஸ்' என்றால் படி. அதிலிருந்து கீழே இறக்குவது டிகிரேட்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது 14ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு வழியாக. அப்போது அது மண்ணையோ மரத்தையோ பற்றிய சொல் அல்ல. பதவியில் இருந்த மனிதரைப் பதவியிலிருந்து இறக்குவது, குறிப்பாகப் பாதிரியாரின் குருப்பட்டத்தைப் பறிப்பது என்பதே அதன் பொருள். பட்டம் கொடுக்கும்போது எந்த உடைகளை அணிவித்தார்களோ அவற்றை ஒவ்வொன்றாகக் களைவது அந்தச் சடங்கு. ராணுவம் இதைத் திருச்சபையிடமிருந்து கற்றுக்கொண்டது. 1895 ஜனவரி 5ஆம் தேதி பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் யூதரான கேப்டன் டிரைஃபஸின் தோள்பட்டைச் சின்னங்களையும் பொத்தான்களையும் பிய்த்தெறிந்து, வாளை முறித்துப்போட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் சிக்கலின்றிப் பிய்ந்து வரவேண்டும் என்பதற்காகத் தையல்களை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தார்கள், வாளிலும் வெட்டுப் போட்டு வைத்திருந்தார்கள் என்பது வரலாறு தரும் உபரித் தகவல். 1906இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஹெரால்டு கார்ஃபிங்கெல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1956இல் எழுதிய கட்டுரையொன்றை நினைவுகூர வேண்டும். படியிறக்கச் சடங்கு வெற்றிபெற என்னென்ன நிபந்தனைகள் என்று ஆராய்கிறது அது. சடங்குக்குப் பிறகு அந்த ஆள் 'மாறிவிட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. 'இவன் எப்பவுமே இப்படித்தான், இப்பத்தான் நமக்குத் தெரிஞ்சது' என்று சொல்கிறார்கள். அதாவது, இறக்குவதோடு வேலை முடிவதில்லை. இறக்கியதற்கான தடயமும் அழிய வேண்டும். மனிதர்களுக்காகச் சொன்ன இந்த விஷயம் நிலத்துக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

விஞ்ஞானத்துக்குள் இந்தச் சொல் போன கதை தனி. 19ஆம் நூற்றாண்டுப் புவியியல்காரர்களுக்கு மலை தேய்ந்து மட்டமாவது டிகிரேடேஷன். இயற்பியலில், 1852இல் வில்லியம் தாம்சன் இயந்திர ஆற்றல் சிதறிப்போவது பற்றி எழுதியதை ஒட்டி, ஆற்றல் அழிவதில்லை, ஆனால் வேலைக்கு உதவாத வெப்பமாகப் 'படியிறங்குகிறது' என்று பேச ஆரம்பித்தார்கள். நீராவி எஞ்சின் ஓட்டுபவனுக்கு உதவாதது என்பதுதான் அங்கே கீழ்ப்படி. வேதியியலில் பெரிய மூலக்கூறு சிறிய மூலக்கூறுகளாகப் பிரிவது. 1950இல் பேர் எட்மன் என்ற சுவீடன்காரர் புரதத்தின் ஒரு முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவற்றின் வரிசையைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு 'எட்மன் டிகிரேடேஷன்' என்றே பெயர். அங்கே படிப்படியாகப் பிரிப்பது அறிவதற்கான வழி. இழிவு என்ற வாசனையே அதில் கிடையாது.

நம்ம பக்கத்து உதாரணம் இன்னும் சுவாரசியமானது. ஆற்றியலில் ஆற்றின் படுகை அரிந்து பள்ளமானால் டிகிரேடேஷன், வண்டல் சேர்ந்து மேடானால் அக்ரடேஷன். ஒன்று இறக்கம், மற்றது ஏற்றம், அவ்வளவுதான். வைகையில் 1959இல் அணை வந்தது. அணை வண்டலைப் பிடித்து வைத்துக்கொண்டால் கீழே வரும் தண்ணீர் படுகையை அரிக்கும் என்பது பொது விதி. மணல் அள்ளுவதும் சேர்ந்தால் ஆறு இன்னும் பள்ளமாகும். ஆறு பள்ளமானால் வாய்க்கால் தலைமாட்டில் தண்ணீர் ஏறாது. அதே வைகை கடலை முட்டுவதற்கு முன் வந்து நிறையும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும், மற்ற நூற்றுக்கணக்கான கண்மாய்களும் வண்டல் தட்டி மேடாகின்றன. கண்மாய் 'ஏறுவது' சம்சாரிக்கு இழப்பு. "கம்மா தூந்து போச்சு" என்கிறார்கள். ஏற்றமே சீரழிவாகிற இடம் அது. மேலே போவது நல்லது, கீழே வருவது கெட்டது என்ற நம்முடைய பொதுப்புத்தி இங்கே வேலைக்காகாது.

இன்னொன்று, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிமூட்டம். வேலிக்காத்தான் கட்டைகளை அடுக்கி, செத்தை பரப்பி, மண்ணால் மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் வேகவிடுகிறார்கள். விஞ்ஞான மொழியில் இதற்குப் பெயர் வெப்பத்தாலான டிகிரேடேஷன். ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் முதலில் ஹெமிசெல்லுலோஸ் உடைகிறது, 300ஐத் தாண்டியதும் செல்லுலோஸ், லிக்னின் மட்டும் மெதுவாகக் கடைசிவரை. மூட்டம் பார்ப்பவர் புகையைப் பார்த்தே இதையெல்லாம் சொல்லிவிடுவார். வெள்ளைப் புகையென்றால் ஈரம் போகிறது, நீலம் தட்டி மெலிந்தால் கரி ஆகிவிட்டது, துவாரத்தை அடை. இந்த டிகிரேடேஷன் சரியாக நடந்தால்தான் அந்த வீட்டில் உலை. காற்று கூடிப்போனால் மிஞ்சுவது சாம்பல்.

தமிழில் இதற்கெல்லாம் ஒரே சொல் கிடையாது, அது நம் பாக்கியம். மரம் உளுக்கும். துணி நைந்துபோகும். கயிறு இற்றுப்போகும். இரும்பு துருவேறும். சோறு ஊசும், பால் திரியும், மீன் அழுகும். சுவர் பொரிந்து உதிரும், நிலத்தில் உவர் பூக்கும், இலைதழை மக்கும். எந்தப் பொருள் எப்படிக் கெடுகிறது என்று வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. பாடப்புத்தகத் தமிழ் வந்து இவ்வளவையும் 'தரமிழப்பு', 'சீர்கேடு' என்று ஒரே மூட்டையில் கட்டியது. ஓர் இடத்தில் மட்டும் மக்கள் மொழி ஜெயித்தது. நகராட்சித் தொட்டிகளில் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று எழுதியிருக்கிறதே, அதைவிடத் துல்லியமாக அந்த ஆங்கிலச் சொற்களை யாரும் பெயர்த்திருக்க முடியாது. அன்றைய பருத்தி வலை மக்கியது, அதனால் அதைப் பட்டைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்துக் காப்பாற்றினார்கள். இன்றைய நைலான் வலை கடலில் அறுந்து விழுந்தால் பவளத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். வெயிலில் கிடக்கும் பாலிதீன் துணுக்குத் துணுக்காக உடையும். அதையும் டிகிரேட் ஆகிவிட்டது என்று விற்பவன் சொல்வான். துணுக்காவது வேறு, மக்குவது வேறு என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். (இதே சொல்லைத்தான் வாத்தியார்கள் 'மக்குப் பயலே' என்று பிள்ளைகள் மேல் எறிந்தார்கள். பொருளின் சொல் மனிதன் மேல் தாவுவதற்கு எந்த மொழியும் விலக்கில்லை போலும்.)

தரம் என்ற சொல்லுக்கே வருவோம். அது நம் கிராமங்களில் வருவாய்த் துறைச் சொல். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் புரட்டினால் 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்', தீர்வை என்று கட்டம் கட்டமாக இருக்கும். மண்ணைப் படிவரிசையில் வைத்து, வரிசைக்கேற்ப வரி போடுவது ரயத்துவாரியின் அடிப்படை. இராமநாதபுரம் 1803 முதல் நிரந்தர ஜமீன் என்பதால், சர்க்காரின் இந்தக் கட்டங்கள் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இந்த மண்ணின் பெரும்பகுதிக்குள் முழுதாக வந்தன. வந்த கையோடு 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்ற இரண்டு விசித்திரமான வகைகளும் வந்தன. பயிர் ஏறாத, வரி தராத நிலம் தரிசு. அதில் ஆடு மேய்ந்தாலும், பனை நின்றாலும், உடைமரத்து நெற்றை ஆடு தின்று வளர்ந்தாலும், விறகு பொறுக்கினாலும் பதிவேட்டுக்குக் கவலையில்லை.

வனத்துறை வகைப்பாட்டிலும் இதே சங்கதி. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இந்தக் கரையோரத்து உடைமரக் காட்டுக்கு 'கர்னாடிக் குடைவேல் காடு' என்று தனி இடமே உண்டு. நல்ல விஷயம். ஆனால் அதே அட்டவணையில் முட்புதர்கள் 'டி.எஸ்.' என்ற அடையாளத்தோடு, அதாவது படியிறங்கிய நிலை என்று, உயரமான காட்டுக்குக் கீழே வைக்கப்பட்டுள்ளன. ஒரு காலத்தில் இங்கே உயர்ந்த காடு இருந்தது, ஆடும் மனிதனும் சேர்ந்து அதைப் புதராக்கிவிட்டார்கள் என்ற கதையாடல் அந்த இரண்டெழுத்துக்குள் அடங்கியிருக்கிறது. சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். குறைந்த மழையும் உப்புக்காற்றும் உள்ள மணல் தேரியில் புதர்தான் இயல்பு என்பதற்கு அந்த எழுத்தில் இடமில்லை.

1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் வந்தது. 2000இல் தரிசு நில வரைபடத் தொகுப்பு வந்தது, விண்கோள் படத்திலிருந்து. 1994இல் ஐ.நா. பாலைவனமாதலுக்கு எதிரான உடன்படிக்கை உருவானபோது நிலத்தின் டிகிரேடேஷன் சர்வதேசச் சட்டச் சொல்லாகியது. இத்தனை சடங்குகளுக்குப் பிறகு மேய்ச்சல் பொட்டல் 'எப்போதுமே பயனற்றதாகத்தான் இருந்தது'. கார்ஃபிங்கெல் சொன்ன அதே வித்தை. கமுதியில் 2016இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது அதைப் பற்றிய பேச்செல்லாம் வறண்ட மண் மின்சாரம் தருகிறது என்ற வியப்பாகவே இருந்தது. மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நான் ஆளில்லை. அந்த மண் அதற்கு முன் யாருக்கு என்ன தந்தது என்ற வரி ஏன் காணாமல் போகிறது என்பதே கேள்வி.

சீமைக்கருவேலின் கதை இன்னும் வினோதம். 1877 வாக்கில் கடப்பைப் பக்கத்தில் விதைத்ததாகச் சொல்லப்படும் இந்த அமெரிக்க மரம், 'படியிறங்கிய' நிலத்தைப் படியேற்றும் மருந்தாகப் பல கட்டங்களில் பரப்பப்பட்டது. வறண்ட ஜில்லாவுக்கு விறகு வேண்டுமே என்று. இன்று நிலம் டிகிரேட் ஆனதன் முதல் அடையாளமாகக் காட்டப்படுவது அதே மரம். நீதிமன்றம் வெட்டச் சொன்னது, 2022இல் அரசு அந்நியத் தாவரங்கள் பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்ட வேண்டிய இடங்கள் உண்டு, கண்மாய்க்குள் நிற்பதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் மானாவாரி பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம்தான் சோறு போட்டது என்பதையும் அந்த ஊர்க்காரன் சொல்வான். மருந்தும் நோயும் ஒரே செடி.

மண்ணும் மனிதரும் ஒரே பட்டியலில் படியிறக்கப்பட்ட ஆவணம் ஒன்று இந்த மாவட்டத்துக்கு உண்டு. 1930 டிசம்பரில், அன்றைய பெரிய இராமநாதபுரம் மாவட்டத்தில் (1985இல்தான் அது மூன்றாகப் பிரிந்தது) கள்ளர் சமூகத்தார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது, கிராப்பு வைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை, செருப்பு கூடாது. இதை மதிக்காமல் அவர்கள் உடுத்தினார்கள், வீடுகள் தாக்கப்பட்டன. 1931 ஜூனில் மேலும் பதினொரு தடைகள். அதில் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதோடு இன்னொன்றும் இருந்தது. தங்கள் சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாய்ச்சத் தண்ணீர் விடப்படாது, மழையை நம்பி விளைந்தாலும் கதிரைக் கொள்ளையடிப்போம் என்று.

பாரிஸ் முற்றத்தில் ஒரு கேப்டனின் சின்னங்களைப் பிய்த்தார்கள். அவன் ஏறிய படி ஒன்று இருந்தது. இங்கே, ஏறவே கூடாது என்பதற்காக உடம்பிலிருந்து துணியைப் பிய்க்கிறார்கள். அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமமின்மை என்றது வெறும் உவமை அல்ல என்பதற்கு இந்தப் பத்தொன்பது தடைகளைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி வேண்டும். இதே மாவட்டத்தில் கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததற்காகப் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்து, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் நாடார்கள் தோற்றார்கள். தீட்டு என்பது அங்கே சட்டச் சொல்லாகவே நின்றது. 'டிகிரேடட் கேஸ்ட்' என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியபோது அந்தப் படிகளைக் கட்டியது யார் என்பதை எழுதாமல் விட்டது எழுத்துப் பிழை அல்ல. தண்ணீர் மறுத்த வயல் சில வருஷத்தில் தரிசாகும். பிறகு சர்வே வரும், 'மண் தரம்' கட்டத்தில் ஓர் எண் ஏறும். அந்த எண்ணுக்குப் பின்னால் 1931 இருப்பது யாருக்குத் தெரியும்?

மனிதர் சம்பந்தப்பட்ட பொருளில் இந்தச் சொல்லுக்கு இப்போது சட்ட வலுவும் உண்டு. 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் ஐந்தாம் பிரிவு, சித்திரவதையோடு சேர்த்து 'டிகிரேடிங்' ஆக நடத்துவதையும் தடை செய்கிறது. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தின்னத்தகாததைத் தின்ன வைப்பதையும் ஆடை களைந்து ஊர்வலம் நடத்துவதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. தரமிழப்பு என்று பொதுவாகச் சொல்லாமல் செயலைச் செயலாக எழுதிய சட்டம் அது.

இனி கடலுக்கு. இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். பாறை கெட்டுப்போனது பொய் அல்ல, அதை நான் மறுக்க வரவில்லை. பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தோணி தோணியாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். 2001இல்தான் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 2016இன் கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்து, வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகச் சுருங்கியது. ஒரே வருஷத்தில். கடலைச் சூடேற்றியது மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிற, விரலில் துணிச்சுற்றும் காலில் தகடும் கட்டிக்கொண்டு முங்குகிற பெண்கள் அல்ல.

பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைகஸ் பாசியை மண்டபம் பகுதியில் வளர்த்தார்கள், ஒப்பந்த முறையில், பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் முதலீட்டோடு. 2008இல் அது குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வளர்ப்பு நிற்கவில்லை. 2023இல் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கே அடிக்கல் நாட்டியாகிவிட்டது. இயற்கையாக முளைத்த பாசியைப் பறிப்பவள் தீவருகே போனால் அத்துமீறல், அந்நியப் பாசியை மிதவையில் கட்டினால் மாற்று வாழ்வாதாரம்.

இந்தக் கரையில் ஓர் ஊரே படியிறக்கப்பட்டதும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு போனது. பிறகு அரசு அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. தகுதியற்ற அந்த இடத்தில் மீனவக் குடும்பங்கள் இன்றும் ஓலைக் குடிசை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து வாழ்கின்றன. 1914இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தையும் உப்புக்காற்று தின்றது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். இரும்பு இற்றுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமே வந்ததில்லை.

அந்த மொழிபெயர்ப்பை மறுபடி செய்தேன். பெண்கள் நாலைந்து பேர் கூட உட்கார்ந்தார்கள். பாறைக்கு 'செத்துக்கிட்டிருக்கு' என்று போடச் சொன்னார்கள், நிலத்துக்கு 'உவரேறிக் கெடந்து போச்சு', சோதனைக்கு 'மானத்த வாங்குறது'. இதெல்லாம் சுலபமாக முடிந்தது. சிக்கல் ஒரே வாக்கியத்தில்தான் வந்தது: 'உள்ளூர் மக்களின் பயன்பாட்டால் டிகிரேட் ஆன பாறைப் பகுதிகள்'. பேனாவை வாங்கி 'உள்ளூர் மக்களின்' என்பதை ஒரு பெண் அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். கல் ஏத்துன தோணி ஆரோடது, அது எந்தக் கரையில எறங்குச்சு, எந்த ஆலைக்குப் போச்சுன்னு எழுதணும்ல, கணக்குப் போடுங்க என்றார்கள். சாயங்காலம்வரை போட்டோம். இரண்டு பக்கம் வந்தது.